பதினான்கு நாட்கள் என்று சொல்லியிருந்தோம்

ஜனவரி 11

பலாலியில் விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் சென்னை.

குடிவரவு மேசையில் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்த ஒருவன்.

"எத்தனை நாள்?"

"பதினாலு."

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"கோயிலுக்கு. சிதம்பரம்."

யாழ்ப்பாணத்தில் விசா எடுத்துத் தந்த முகவர் சொல்லிக்கொடுத்த பதில் இது. சுவிஸில் இருக்கும் அண்ணாவைச் சந்திக்க வருகிறோம் என்று சொன்னால், அவர் எப்படிப் போனார், என்ன விசா என்று கேள்வி நீளுமாம்.

அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, மோனும்..." என்று தொடங்கினாள். அண்ணாவின் பேச்சு வருவதற்குள் அவள் காலை மிதித்தேன். அவன் சிரித்துவிட்டு, "நல்லா சாமி கும்பிடுங்கம்மா" என்று முத்திரை குத்தினான். விசா பிப்ரவரி 9 வரை. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் ஒரு நாடு மட்டும் விலக்கப்பட்டிருக்கும். அவன் தப்பி வந்த நாடு. அதனால் எங்கள் ஆட்கள் இந்த ஊரில் சந்தித்துக்கொள்கிறார்கள். பெற்றோர் அங்கிருந்து வருவார்கள், பிள்ளைகள் இன்னொரு பக்கமிருந்து. ஒரு லாட்ஜில் இரண்டு வாரம். பிறகு ஆளுக்கொரு திசை. எங்கள் மாடி முழுக்க அப்படித்தான். எதிர் அறைக் கிழவர் தன் பேரப்பிள்ளையோடு சைகையில் பேசிக்கொண்டிருக்கிறார். அது பிரெஞ்சு மட்டும் பேசுகிறது.

அண்ணாவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. பதினைந்து வருடம்.

அம்மாவுக்கு ஈரலில் வந்தது இப்போது எங்கும் பரவியிருக்கிறது. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 14

பொங்கல். லாட்ஜ் மேனேஜர் தெய்வசிகாமணி அறை அறையாகப் பாக்குமட்டைத் தட்டில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினார். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். நாளை அண்ணா வருகிறார். அம்மா பெட்டியைத் திறந்து, கறித்தூள் பொதி ஊரிலிருந்து உடையாமல் வந்திருக்கிறதா என்று மூன்றாவது தடவை பார்த்தாள். அறை முழுக்க வறுத்த மல்லி வாசம்.

ஜனவரி 15

வரவில்லை. உணவகத்தில் லீவு தரவில்லையாம். அடுத்த வாரம்.

ஜனவரி 20

சிதம்பரம் போய் வந்தோம். நான் வேண்டாம் என்றேன். ஐந்து மணி நேரம் பஸ். அம்மாவின் வயிறு பானை மாதிரி வீங்கியிருக்கிறது.

"அந்தப் பெடியனிட்டச் சிதம்பரம் எண்டு சொன்னனாங்கள் எல்லே?"

"அது சும்மா சொன்னது அம்மா."

"சும்மா ஏன் சொல்லுவான்? சொன்னால் போகவேணும்."

என் தோளில் சாய்ந்தபடி நின்று, கும்பிட்டு, பிரகாரத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்தாள். நான் பக்தியைப் பற்றி ஏதோ யோசிக்க முயன்றேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் தத்துவம் படித்து, இரண்டு வருடம் அதையே தற்காலிக விரிவுரையாளராகப் படிப்பித்தவள். ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் கால் வீக்கத்தில் செருப்பின் வார் பதிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி ஆர் கேட்டாலும் சொல்லலாம்" என்றாள். திரும்பி வரும் வழியில் இரண்டு முறை வாந்தி.

ஜனவரி 24

பதினான்காவது நாள். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். எதிர் அறை காலி. கிழவர் லிஃப்டுக்குள் போகும்போது எங்களைப் பார்த்து, "உங்கட ஆள் இன்னும் வரேல்லையே?" என்றார்.

அம்மா, "வாறான், வாறான்" என்றாள்.

ஜனவரி 29

அண்ணாவின் பயணப் பத்திரம் காலாவதியாகிவிட்டதாம். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாராம். டிக்கெட்டின் படத்தை அனுப்பச் சொன்னேன். பத்திரம் கையில் வந்ததும் அனுப்புகிறேன் என்றார். சரிதானே. பத்திரம் இல்லாமல் எப்படி டிக்கெட் போடுவது.

அம்மா: "வீட்ட போவம் பிள்ளை."

துறைத்தலைவரிடமிருந்து செய்தி. இரண்டாம் அரையாண்டு தொடங்கிவிட்டது. பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 3

பத்திரம் வந்துவிட்டது. இனி இந்திய விசா. அங்குள்ள தூதரகத்தில் 6ஆம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா தன் தலையணையைக் கட்டிலிலிருந்து தரைக்கு மாற்றியிருக்கிறாள். தரை சில்லென்று இருப்பது வலிக்கு நல்லதாம்.

பிப்ரவரி 7

தெய்வசிகாமணி மேலே வந்தார். எப்போதும் ரிசப்ஷனுக்குத்தான் கூப்பிடுவார்.

"தப்பா நினைக்காதம்மா. ஒம்பதாந் தேதியோட உங்களுக்கு முடியுது. வெளிநாட்டுக்காரங்க வந்தா நாங்க ஆன்லைன்ல ஏத்தணும். எத்தினாம் தேதி வந்தீங்க, எத்தினாம் தேதி போறீங்க, எல்லாம் அங்க தெரியும். பத்தாந் தேதி நீங்க இங்க இருந்தா என் லாட்ஜுக்குப் பூட்டு."

"அண்ணாவுக்கு விசா வந்திடும். ஒரு கிழமை, ஏழே நாள்தான்."

"இருந்தீங்கன்னா அப்புறம் திரும்ப வரவே விடமாட்டாங்க. அது தெரியும்ல?"

தெரியும். அண்ணா இலங்கைக்கு வர முடியாது. எனக்கு ஐரோப்பிய விசா ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை. அம்மாவுக்குப் பிறகு எனக்கும் அண்ணாவுக்கும் நடுவில் மிச்சமிருப்பது இந்த ஒரு ஊர்தான். அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையில் படுத்திருந்தாள். கதவருகே போனவர் நின்றார். "சிலோன்னு சொல்லாம இருப்பீங்கன்னா, தெரிஞ்சவங்க வீட்டு மாடி ஒண்ணு இருக்கு."

பிப்ரவரி 9

காலையில் அம்மா குளித்து, சேலை மாற்றி, பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இண்டைக்குத்தானே கடைசி நாள். வெளிக்கிடுவம்."

"அண்ணா வாற கிழமை நிச்சயம் வாறாராம்."

"அவன் வந்தால் வரட்டும். நான் என்ர வீட்டில கிடக்கிறன்."

"அங்க அவரால வரேலாது அம்மா."

அவள் பெட்டியை விட்டு எழும்பவில்லை. மத்தியான விமானத்தின் நேரம் கடந்தது. மூன்று மணிக்கு எழுந்து சேலையை மாற்றினாள்.

முடிவெடுத்தது நான். அண்ணா அல்ல, அம்மா அல்ல. இதை எழுதி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

பால் பாக்கெட் வாங்கினேன். பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வானம் விழுந்துவிடவில்லை.

பிப்ரவரி 12

போரூர்ப் பக்கம், தெய்வசிகாமணி சொன்ன மாடி அறை. ஒன்பதாம் தேதி இரவே வந்துவிட்டோம். கீழே வீட்டுக்காரி செல்லக்கனி. தூத்துக்குடிக்காரர். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். நாங்கள் நாகர்கோவில் என்று சொல்லியிருக்கிறோம். அம்மாவைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் பேசுகிறேன், சுருக்கமாக. 'ஓம்' வரும் இடத்தில் 'ஆமா'. 'கதைக்கிறது' இல்லை, 'பேசுறது'. வாய்க்குள் ஆள் வைத்துக் காவல் காப்பது போல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொழும்புக்குப் போனபோது தமிழே பேசாதே என்றார்கள். இங்கே தமிழ் பேசலாம், என்னுடையதைப் பேசக் கூடாது.

"உங்கம்மா என்னட்டி, ஊமையா?"

"உடம்பு சரியில்ல."

"வாய்க்கு என்ன கேடு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 15

ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரை இன்னும் எட்டு. பாதியாக உடைத்தால் பதினாறு நாள் என்று நினைத்தேன். அம்மாவின் உடல் அப்படி நினைக்கவில்லை.

அண்ணா: விசா 'பரிசீலனையில்'.

பிப்ரவரி 18

மாத்திரை தீர்ந்தது. அந்த வகை மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரமாட்டார். டாக்டரிடம் போனால் அடையாள அட்டை கேட்பார்கள். எங்களிடம் இருப்பது பாஸ்போர்ட். அதில் இருப்பது தேதி.

செல்லக்கனியிடம் அம்மாவின் ஆதார் ஊரில் கிடக்கிறது என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்து வந்தார். செத்துப்போன அவர் மாமியாருடையது. பேச்சியம்மாள், வயது எழுபத்தொன்று. "கெழவி படத்துல எல்லாக் கெழவியும் ஒண்ணுபோலத்தான் இருப்பா. போயிட்டு வா."

கிளினிக்கில் டோக்கன் பதினேழு. நர்ஸ் வாசலுக்கு வந்து, "பேச்சியம்மாள்" என்றாள்.

அம்மா எழும்பவில்லை.

"பேச்சியம்மாள் யாரு? இருக்காங்களா?"

"அம்மா, எழும்புங்கோ" என்று காதுக்குள் சொன்னேன்.

"அது நான் இல்லையே."

"தெரியும். எழும்புங்கோ."

"செத்த மனிசியின்ர பேர் பிள்ளை. அவவுக்குப் பிள்ளையள் இருக்கும்."

நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு பதினெட்டைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். உண்மையை வைத்துக்கொண்டு வலியைத் தின்னுங்கோ என்றேன். யாழ்ப்பாணத் தமிழில், முழுச் சத்தத்தில், ஜன்னல் திறந்திருக்க.

பிப்ரவரி 19

அம்மா துணியைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் கீழே போகக் கூடாதாம். நான் போட்ட விதியை அவள் இப்படிக் கடைப்பிடிக்கிறாள்.

பிப்ரவரி 20

செல்லக்கனி மேலே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்தார். முந்தானையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

"எனக்குத்தான் இடுப்புல உயிர் போகுதுன்னு பெரியாஸ்பத்திரில உருண்டு பெரண்டு வாங்கியாந்தேன். அந்த டாக்டரு பாவம், பயந்துட்டான்."

நான் ஒரு மாத்திரையைப் பிரித்து அம்மாவின் கையில் வைத்தேன்.

"சிலோனுன்னு எனக்கு மொத நாளே தெரியும்ட்டி. நீ வச்ச கொழம்பு வாசம் எந்த நாகர்கோயில்ல வருது? நேத்து முந்தின நாளு நீ போட்ட கூப்பாட்டுல தெருவுக்கே தெரியும். போலீசு வந்தா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். சொல்லிட்டேன் இப்பவே."

கறித்தூளை நான் சமையலுக்கு எடுத்திருந்தேன். அண்ணாவுக்கென்று கொண்டுவந்தது. அப்போது அம்மா தடுக்கவில்லை.

அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து நாளுக்குப் பிறகு அவரிடம் முதல் வார்த்தை பேசினாள். "உங்களுக்கு உண்மையா இடுப்பு நோகிறேல்லையே?"

"நோவாம? ரெண்டு பிள்ள பெத்த இடுப்பு."

"அப்ப சரி" என்றாள் அம்மா.

பிப்ரவரி 25

செல்லக்கனிக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர் வந்து வயிற்றிலிருந்து நீர் எடுத்தார். இரண்டு லிட்டருக்கு மேல். அம்மா கொஞ்சம் இலகுவாக மூச்சு விட்டாள். வீட்டுக்குப் போவம் என்றாள். நான், அண்ணா என்றேன். அவள், ம் என்றாள். ஒவ்வொரு நாளும் இந்த மூன்று வார்த்தைகள்தான்.

அவளுடைய மணிக்கட்டை என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சுற்றி வளைத்துவிடுகின்றன.

மார்ச் 1

மொட்டை மாடியிலிருந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். விசாவுக்குக் கொடுத்த ரசீதின் படத்தைக் கேட்டேன். வேலை என்றார். வேலை முடிந்ததும் அனுப்பச் சொன்னேன். ரசீது அறையில் என்றார். அறைக்குப் போனதும் அனுப்பச் சொன்னேன். மறுமுனையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் மட்டும்.

"அம்மாவுக்கு எத்தனை நாள் இருக்கெண்டு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். "பிப்ரவரி கடைசி எண்டவர். இண்டைக்கு மார்ச் ஒண்டு."

அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"என்னட்ட விசாவும் இல்லை, பத்திரமும் இல்லை ஆரணி. என்ர கேஸ் ஒம்பது வருசத்துக்கு முதல் ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். அப்பீலும் சரிவரேல்லை. வெளியேறு எண்டு கடிதம் தந்தாங்கள். நான் போகேல்லை. ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையின்ர பின் குசினியில பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கிறன். வெளிக்கிட்டால் பிறகு உள்ள வரேலாது. பிடிச்சாலும் நேர கட்டுநாயக்கா எயாப்போட்தான்."

"அப்ப வதிவிடக் காட் கிடைச்சிட்டுது எண்டது?"

"அதைக் கேட்டு அம்மா பிள்ளையாருக்குப் பொங்கல் வச்சவ. ஊரே சாப்பிட்டது. அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

"அப்ப ஏன் வாங்கோ எண்டு சொன்னனீ?"

முதல் முறையாக அண்ணாவை நீ என்றேன்.

"நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன். அம்மாவால ஏலாது எண்டு நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன். பிறகு நீங்கள் வந்திட்டியள். ஒவ்வொரு கிழமையும்... இந்தக் கிழமை அம்மா வீட்ட போகலாம் எண்டு கேட்பா, நீ கூட்டிக்கொண்டு போயிடுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அவள் ஜனவரி 29 முதல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பின்னால் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது.

மார்ச் 2

அம்மா: "கௌரீசன் என்ன சொன்னவன்?"

"விசா பிந்துமாம்."

"அவனைக் கரைச்சல் படுத்தாதை பிள்ளை."

எவ்வளவு தெரியும் இவளுக்கு? கேட்கத் துணிவில்லை. "வீட்ட போவமா அம்மா?" என்றேன். அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

மார்ச் 3

விசா முடிந்து தங்கியவர்கள் அப்படியே விமானம் ஏற முடியாது. வெளியேற அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம், அபராதம், ஏன் தங்கினோம் என்று ஒரு கடிதம். கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். அண்ணாவின் பெயர் எங்கும் வரக் கூடாது. 'தாயாரின் உடல்நிலை காரணமாக' என்று முடித்தேன். அதுவும் பொய் இல்லைதானே.

மார்ச் 5

வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆப்பிரிக்க மாணவன், ஒரு ரஷ்யப் பெண், கைக்குழந்தையோடு ஒரு வங்கதேசத்தவர். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தேன். செல்லக்கனி வாசல் வரை வந்தார். உள்ளே வர மாட்டேன் என்றார். "எனக்குத்தான் நீங்க யாருன்னே தெரியாதே."

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கடுமையானவர் அல்ல, களைத்தவர். கணினியைப் பார்த்தார்.

"பதினாலு நாள்னு சொல்லியிருக்கீங்க. கோயிலுக்குன்னு போட்டிருக்கு. போனீங்களா?"

"ஓம். தை இருபது" என்றாள் அம்மா. நான் ஜனவரி இருபது என்று திருத்தினேன்.

"அப்புறம் ஏம்மா போகல? உடம்பு சரியில்லன்னு எழுதியிருக்கு. ஆனா ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒண்ணுமே இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"மோனைப் பாக்க இருந்தனாங்கள்."

நான் எழுதிய கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மோன்னா?"

"மகன்" என்றேன். வேறு வழியில்லை.

"எங்க இருக்காரு?"

"வெளிநாட்டில" என்றாள் அம்மா. "பதினைஞ்சு வருசம் காணேல்லை. இஞ்ச வந்தால் பாக்கலாம் எண்டு இருந்தனாங்கள். அதுதான் பிந்தினது. பிள்ளையில பிழையில்லை."

அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீங்களா?"

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். இறந்த ஒருத்தியின் பெயருக்கு எழும்ப மறுத்தவள். முகவர் சொல்லித்தந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனவள்.

"ஓம். பாத்திட்டன்."

"வந்துட்டுப் போயிட்டாரா?"

"ஓம். வந்தவன். நல்லா இருக்கிறான். கொஞ்சம் மெலிஞ்சு போனான். குசினி வேலை எல்லே, நேரத்துக்குச் சாப்பிடுறேல்லை."

குசினி என்று அவளிடம் நான் சொன்னதில்லை. உணவகம் என்றுதான் சொல்லியிருந்தேன். கல்லாவில் நிற்கிறார் என்று.

"சரிம்மா" என்றார் அதிகாரி. எதையோ தட்டச்சு செய்தார். எங்களைப் பற்றித்தான்.

மார்ச் 10

அனுமதி வந்துவிட்டது. இரண்டு தாள்கள். குறிப்பிட்ட தேதிக்குள் வெளியேற வேண்டும். மறுபடி வருவது பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை ஒரு தடவைதான் வாசித்தேன்.

நாளை மறுநாள் விமானம். அம்மாவை ஏற்றுவார்களா என்பது அன்று காலை அவள் உட்கார முடிகிறதா என்பதைப் பொறுத்தது. செல்லக்கனி தலையணைகளை வைத்து உட்காரப் பழக்குகிறார். இன்று இருபது நிமிடம் உட்கார்ந்தாள்.

மார்ச் 11

அம்மா அண்ணாவோடு பேச வேண்டும் என்றாள். வீடியோ வேண்டாமாம். போனை அவள் காதோரம் தலையணையில் வைத்தேன். எல்லாம் எனக்கும் கேட்டது.

"கௌரீசன்."

"அம்மா. அம்மா, வாற கிழமை விசா..."

"கதையாதை, நான் சொல்லுறதைக் கேள். ஒபிசில கேட்டவை, மகனைப் பாத்தனீங்களோ எண்டு. பாத்திட்டன் எண்டு சொல்லிப்போட்டன். எழுதியும் எடுத்திட்டினம்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"இனி நீ வரத் தேவையில்லை மோனை. வந்தால் நான் சொன்னது பொய்யாப் போயிடும்."

"அம்மா..."

"ஒரு இடமும் வெளிக்கிடாதை. அங்கயே இரு."

மூச்சு வாங்கினாள். பிறகு, அவன் எங்களோடு இரண்டு வாரம் இருந்து நேற்றுத்தான் விமானம் ஏறியவன் போல, "போய்ச் சேர்ந்தது சந்தோசம்" என்றாள்.

அண்ணா அழும் சத்தம் கேட்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்திருப்பான். அம்மா கண்ணை மூடிவிட்டாள். போனை நான் எடுக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். குழாயின் சத்தம் மறுபடி வந்தது. பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழுவப்படுவதைத் தலையணையில் வைத்து அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.